எட்டுப் பேருக்கு அழைப்பும் எட்டு மணி நேரமும்

பிரிட்டனில் ஆண்டுதோறும் ஒரு பந்தயம் நடக்கிறது. பிரீமியர் லீக் டார்ட்ஸ் என்று அதற்குப் பெயர். சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் சிறு அம்புகளைக் குறி பார்த்து எறியும் ஆட்டம் அது. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் இருக்கும். ஆட்டக்காரர் 7 அடி 9 அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நின்று எறிய வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்பு. 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து, முதலில் பூஜ்யத்தைத் தொடுகிறவருக்கு ஜெயம். ஆட்டம் அவ்வளவுதான்.

இந்தப் பந்தயத்தில் ஆடுகிறவர்கள் எட்டே பேர். தகுதிச் சுற்று கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் மோதிப் பார்க்கலாம் என்பதும் கிடையாது. தர வரிசையில் முதல் நான்கு பேருக்கு இடம் உறுதி. மீதி நான்கு பேர் யார் என்பதைப் பந்தயம் நடத்துகிற அமைப்பு தன் விருப்பப்படி தீர்மானித்து அழைப்பு அனுப்பும். 2025-ல் இதில் ஜெயித்த லூக் ஹம்ப்ரீஸ் என்பவர் வாங்கிய பரிசு 2,75,000 பவுண்டு. நம் பணத்தில் மூன்று கோடி ரூபாய்க்குக் குறையாது.

காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவருக்கும், எண்ணூரில் காண்ட்ராக்டரிடம் கூலி வாங்குகிறவருக்கும், செங்கற்பட்டுப் பக்கம் நாற்று நடுகிற பெண்ணுக்கும் இந்தச் சீமைப் பந்தயத்தில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்த எட்டுப் பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தால் அது தெரியும்.

ஹம்ப்ரீஸ் கூரை வேலை செய்து பிழைத்தவர். 2025 ஜனவரியில் 17 வயதில் உலகப் பட்டம் பெற்ற லூக் லிட்லர் ஒரு டாக்ஸி ஓட்டுநரின் மகன். இவர்களுக்கெல்லாம் முன்னால் 16 முறை உலகப் பட்டம் வாங்கிய ஃபில் டெய்லர், ஸ்டோக் நகரத்துப் பீங்கான் ஆலையில் வாரக் கூலிக்குக் கக்கூசுக் காகிதம் மாட்டும் கைப்பிடி செய்துகொண்டிருந்தார். அவருடைய கை வாகைக் கண்ட எரிக் பிரிஸ்டோ என்ற பழைய சாம்பியன் தன் கைப்பணத்தைக் கொடுத்து ஆடப் பழக்கினார். அந்தப் பிரிஸ்டோவையே 1990 இறுதி ஆட்டத்தில் தோற்கடித்துத்தான் டெய்லர் முதல் பட்டத்தை வாங்கினார்! பிரபுக்களின் மாளிகையில் பிறந்த ஆட்டமல்ல இது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை முடித்து வந்தவர்கள் மதுக்கடைச் சுவரில் பலகையை மாட்டி ஆடிய ஆட்டம்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை, வண்ணாரப்பேட்டையிலிருந்து வியாசர்பாடி வரை, எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு கேரம் பலகை கிடக்கும். தகரக் கூரை, பலகைக்கு நேர் மேலே தாழ்ந்து தொங்கும் ஒரு விளக்கு, டப்பாவில் பவுடர், சுற்றி நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்ல நாற்பது பேர்! வட சென்னைக்கும் கேரத்துக்கும் உள்ள உறவை 2018-ல் வெற்றிமாறனின் ‘வட சென்னை’ படம் ஊருக்கெல்லாம் காட்டியது. அங்கே குடியிருப்பவனுக்கு அது புதிதல்ல. ஏன் இங்கே இந்த ஆட்டம் வேர் பிடித்தது? பதில் வீட்டின் அளவில் இருக்கிறது. பலகை 29 அங்குலச் சதுரம். பத்துக்குப் பத்து வீட்டில் அதை விரித்து நாலு பேர் உட்கார்ந்தால் அடுப்புப் பற்ற வைக்க இடமிராது. அதனால் பலகை தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து மன்றத்துக்கும் கிளப்புக்கும் போனது. கிரிக்கெட்டுக்கு மைதானம் வேண்டும், டென்னிசுக்குப் பணம் வேண்டும். கேரத்துக்கு வேண்டியது 18 காய், ஒரு சிவப்பு, 15 கிராமுக்கு மிகாத ஒரு ஸ்ட்ரைக்கர், நடுங்காத விரல்.

அந்த விரல் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-ல் பிறந்ததே சென்னையில்தான். 1991-ல் டெல்லியில் நடந்த முதல் உலகப் போட்டியிலும் 1995-ல் கொழும்பில் நடந்த இரண்டாவது போட்டியிலும் பட்டம் வாங்கியவர் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம். 1996-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 2008-ல் பிரான்ஸ் தேசத்தில் உலகப் பட்டம் வாங்கிய இளவழகி வியாசர்பாடிப் பெண். மோட்டார் பொருத்திய மூன்று சக்கர வண்டி, நம் ஊர் வழக்கில் சொன்னால் மீன்பாடி வண்டி, ஓட்டியவரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். 2025 டிசம்பரில் மாலத்தீவில் மூன்று தங்கம் வாங்கிய கீர்த்தனா காசிமேட்டுப் பெண்.

பெண்கள் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். டார்ட்ஸ் உலகப் போட்டியில் ஒரு பெண், ஃபாலன் ஷெர்ராக், ஆண் ஆட்டக்காரர் ஒருவரை முதன்முதலாக ஜெயித்தது 2019 டிசம்பரில்தான். பத்திரிகைகளெல்லாம் அதை அதிசயம் என்று எழுதின. ஆண்கள் மட்டுமே நிரம்பிய கேரம் கிளப்பில் நுழைந்து ஆடப் பழகி, உலகப் பட்டத்தோடு திரும்பிய நம் பெண்களைப் பற்றி எத்தனை பத்தி எழுதினார்கள்?

சரி, இரண்டு 17 வயதுப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். லிட்லர் டாக்ஸி ஓட்டுநர் மகன். காசிமா ஆட்டோ ஓட்டுநர் மகள். இரண்டே மாத இடைவெளியில் இருவரும் உலகப் பட்டம் வாங்கினார்கள். லிட்லருக்கு அந்த ஒரு பந்தயத்தில் கிடைத்தது 5 லட்சம் பவுண்டு, ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். 2026 ஜனவரியில் மறுபடியும் ஜெயித்தபோது பரிசு இரட்டிப்பாகி 10 லட்சம் பவுண்டு ஆயிற்று. கேரத்தில் இப்படிப் பரிசுப் பணம் கிடையாது. பட்டம் வாங்கி ஊர் திரும்பிய பிறகு, தமிழக அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. கீர்த்தனாவுக்கும் ஒரு கோடி கிடைத்தது. காசிமாவின் பயணத்துக்கும் அரசின் சாம்பியன்ஸ் அறக்கட்டளை உதவியது. கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று சொல்லும் வழக்கம் நமக்கில்லை.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்போம். 2024 டிசம்பரில் குகேஷ் சதுரங்கத்தில் உலகப் பட்டம் வாங்கியதும் ஐந்து கோடி ரூபாய் அறிவித்தார்கள். அந்தப் பிள்ளையின் வெற்றி பெரிய வெற்றி. அதில் நமக்கும் பெருமைதான். ஆனால் சதுரங்கப் பலகைக்கு ஐந்து, கேரம் பலகைக்கு ஒன்று என்ற கணக்கை எந்தத் தராசில் நிறுத்தார்கள்? கேரம் ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை என்பார்கள். டார்ட்ஸும்தான் ஒலிம்பிக்கில் இல்லை! எந்த ஆட்டம் உயர்ந்தது என்பதைத் தீர்மானிப்பது ஆட்டத்தின் நுட்பமா, அதை ஆடுகிறவன் குடியிருக்கும் தெருவா?

அப்படியானால் நமக்கும் ஒரு பிரீமியர் லீக் வேண்டும், கேரத்துக்கு ஒரு கம்பெனி வர வேண்டும், எட்டுப் பேருக்கு அழைப்பு அனுப்ப வேண்டும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். இந்த யோசனையை நாம் அவசரப்பட்டு ஏற்கக் கூடாது. அந்தச் சீமைப் பணம் எப்படி வந்தது என்ற கதையை முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசுவோம்.

1970-களிலும் 80-களிலும் டார்ட்ஸுக்குப் பணம் கொட்டியது சிகரெட்டுக் கம்பெனி. உலகப் போட்டியின் பெயரிலேயே எம்பஸி என்ற சிகரெட்டின் பெயர் இருந்தது. டெலிவிஷன் கம்பெனிகள் படம் பிடித்தன. பிறகு ஒரு நாள், இது கீழ்த்தரமான குடிகாரர் ஆட்டம் என்று முகத்தைச் சுளித்து, அதே டெலிவிஷன்காரர்கள் கைவிட்டார்கள். 1980-களின் கடைசியில் திரையில் வந்த பெரிய போட்டி ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்தையே தொழிலாக நம்பி வேலையை விட்டவர்களின் பிழைப்பு கெட்டது. பழைய ஸ்தாபனமோ கை கட்டி நின்றது.

அப்போது அந்த ஆட்டக்காரர்கள் செய்த காரியம்தான் நமக்கு முக்கியம். 1992-ல் 16 பேர் ஒன்று சேர்ந்து தனி அமைப்புக் கண்டார்கள். டெய்லரும் பிரிஸ்டோவும் அதில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பழைய ஸ்தாபனத்தை விட்டு வெளியேறினார்கள். உடனே அவர்களுக்குத் தடை! அவர்களோடு சேர்ந்து ஆடுகிறவர்களுக்கும் தடை! 16 பேரில் இரண்டு பேர் மனம் தளர்ந்து திரும்பிப் போனார்கள். 14 பேர் நின்றார்கள். 1997-ல் வழக்கு மன்றத்தில் ஒப்பந்தம் ஏற்பட்டு, யார் எங்கே வேண்டுமானாலும் ஆடலாம் என்ற உரிமை உறுதியாயிற்று. மில் கேட்டில் வேலை நிறுத்தம் செய்தவர்களுக்கு இது புரியாத கதையா? கரும்பட்டியல், கருங்காலி, கடைசி வரை நின்றவர்கள் என்று எல்லாமே நாம் பார்த்தவைதான்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நாம் கை தட்டிவிட்டுப் போயிருப்போம். 2001-ல் அந்த அமைப்பின் கடிவாளம் பாரி ஹெர்ன் என்ற பந்தய வியாபாரியின் கைக்கு வந்தது. பணம் பெருகியது, உண்மை. ஆனால் சிகரெட்டுக் கம்பெனியின் இடத்தில் இன்று சூதாட்டக் கம்பெனி நிற்கிறது. பிரீமியர் லீக்கின் பெயருக்கு முன்னாலும் உலகப் போட்டியின் பெயருக்கு முன்னாலும் பந்தயம் கட்டும் கம்பெனிகளின் பெயர்கள்! ஆட்டக்காரர் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தக் கம்பெனிக்கு லாபம். அதைப் பார்த்துப் பணம் கட்டித் தோற்கிறவன் யார்? வாரக் கூலிக்காரன். ஆட்டக்காரர்கள் போராடிக் கட்டிய வீட்டில் இன்று அழைப்பு அனுப்புகிற உரிமை அவர்களிடம் இல்லை. அவர்களே அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள்.

நம் தெருக் கேரத்திலும் காசு வைத்து ஆடுகிற நோய் இருக்கிறது என்பதை மறைப்பானேன்? வாரச் சம்பளத்தைப் பலகையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்களை நாம் அறிவோம். பிறகு அது கைப்பேசிக்குள்ளும் புகுந்தது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் செய்தது, எத்தனையோ குடும்பங்கள் அழிந்த பிறகு. கேரத்துக்குக் கம்பெனி வர வேண்டும் என்கிறவர்கள், வரப் போகிற கம்பெனி எந்த ஜாதிக் கம்பெனியாக இருக்கும் என்பதை முதலில் யோசிக்கட்டும்.

அழைப்பு வேண்டாம் என்றால் வேறென்ன வேண்டும்? முதலில் நேரம் வேண்டும். கேரம் பலகையில் ஒருவன் கை தேறுவதற்கு ஆண்டுக் கணக்கில் மாலை நேரம் தேவை. பாட்டாளிக்கு மாலை என்ற ஒன்று தானாகவா கிடைத்தது? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு! உலகெங்கும் ரத்தம் சிந்திக் கேட்ட கோரிக்கை இது. 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில், மீனவக் குப்பத்தில் பிறந்த சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியதும் இந்தக் கோரிக்கையின் திருநாளைக் கொண்டாடத்தான். அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் பாட்டும் படிப்பும் விளையாட்டும் இருக்கின்றன.

நூறு ஆண்டு கழித்து என்ன நடந்தது? 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்து எதிர்த்த பிறகு, அந்த மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று அறிவித்தார்கள். அது தப்பியது. ஆனால் காண்ட்ராக்டு முறையில் வேலை செய்கிற எத்தனை பேருக்கு எட்டு மணியில் கேட் திறக்கிறது? இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்தால்தான் வீட்டு வாடகை கட்ட முடியும் என்ற நிலையில், ஆட்டோவையோ மீன்பாடி வண்டியையோ 14 மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிற தகப்பன் எந்த மாலையில் பிள்ளைக்கு ஸ்ட்ரைக்கர் பிடிக்கக் கற்றுக் கொடுப்பான்? அப்படியும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் தூக்கத்தை விற்று வாங்கிய பட்டம் அது.

அடுத்து வேலை. ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., பெட்ரோலியக் கம்பெனிகள் ஆகியவற்றுக்குக் கேரம் அணிகள் உண்டு. விளையாட்டுக்காக வேலை கிடைத்தவன் பகலில் மேஜையில் உட்கார்ந்தான், மாலையில் பலகையில் உட்கார்ந்தான். மாதச் சம்பளம் வந்தது. ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ‘தொழில்முறை’ ஆட்டம் வேறில்லை. ஒரு பந்தயத்தில் தோற்றால் அடுப்பு அணையாது அல்லவா? பொதுத்துறையைச் சிறுகச் சிறுக விற்கிறபோது இந்தக் கதவும் சேர்ந்தே மூடுகிறது. எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018 முதல் அதானி குழுமத்தின் கையில் இருக்கிறது. எங்கள் பெண் மூன்று தங்கம் வாங்கியிருக்கிறாள், அவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கொடு என்று தனியார் துறைமுகத்தின் வாசலில் போய்க் கேட்க எந்தச் சட்டம் இருக்கிறது?

பரிசுப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டம் வாங்கிய ஒருத்திக்கு ஒரு கோடி கொடுக்கட்டும், இன்னும் கூடக் கொடுக்கட்டும். ஆனால் அவளோடு அதே விளக்கின் கீழ் ஆடி, அரையிறுதியில் தோற்று, மறுநாள் ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்ட பத்துப் பெண்கள் இருப்பார்களே, அவர்கள் கணக்கு எங்கே? அவர்கள் இல்லாமல் அந்த ஒருத்தி யாரோடு ஆடிப் பழகியிருப்பாள்?

இடம் கேட்பதிலும் நாம் கூசக் கூடாது. மணலி முதல் எண்ணூர் வரை புகைபோக்கிகளுக்குப் பஞ்சமில்லை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் மீனவரின் படகிலும் வலையிலும் அப்பியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆலைகள் இந்த வட்டாரத்துக்கு இதையெல்லாம் தாராளமாகத் தருகின்றன. 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் நாலு பலகை போடுகிற அளவுக்கு ஒரு கூடம், நல்ல விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, ஒரு பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம். கேட்பது இவ்வளவுதான். மாநகராட்சியும் கம்பெனிகளும் சேர்ந்து செய்ய முடியாத காரியமா இது?

கிராமத்துத் தோழர்கள் இதைப் பட்டணத்து விவகாரம் என்று தள்ளிவிடக் கூடாது. அறுப்புக் காலம் முடிந்து வேலையில்லாத நாட்களில் உங்கள் மன்றத்துத் திண்ணையிலும் ஒரு கேரம் பலகை கிடக்கிறது. பல இடங்களில் அதன் பக்கத்தில் சேரிப் பிள்ளைகளை உட்கார விடுவதில்லை. பலகைக்கு முன்னால் சம ஆசனம் என்பது கிராமத்தில் விளையாட்டுக் கோரிக்கை மட்டுமல்ல.

சர்க்கார் கூடம் கட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 1925-லேயே தொழிலாளர் சங்கங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் தங்களுக்கென்று ஒரு ஒலிம்பியாட் நடத்தின. 1931-ல் வியன்னாவில் இன்னும் பெரிதாக நடத்தின. யாரோ அனுப்பும் அழைப்புக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய காரியம் இன்று நம்மால் ஆகாவிட்டாலும், திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் சங்கக் கட்டிடங்கள் இருக்கின்றன. மாலையில் பல கட்டிடங்கள் பூட்டியே கிடக்கின்றன. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். இரண்டு பலகை வாங்குவது, காசு வைத்து ஆடக் கூடாது என்று எழுதி மாட்டுவது, வாரத்தில் மூன்று நாள் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவது, பழைய ஆட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது. ஆறு மணிக்குக் கட்டிடத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் நோட்டீசில் மறக்காமல் போட்டுவிடுங்கள்.